பதிந்த பவரை விடுங்கள், அந்த 20 ரூபாய் முத்திரைத் தாளை எடுங்கள்

ஈரோடு மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து 48 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

2015 மார்ச்சில் ஐந்து சென்ட் வீட்டுமனை ஒன்றை 6 லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறார்கள். விற்றவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். 1994-இல் தன் சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கிய மனை அது. நான்கு லட்சத்தைக் காசோலையாகவும் இரண்டு லட்சத்தை ரொக்கமாகவும் கொடுத்துக் கணக்கு தீர்த்தாயிற்று. ஆனால் கிரயப் பத்திரம் மட்டும் போடவில்லை. "நல்ல விலை வந்தால் நேராக அவர்களுக்கே கிரயம் செய்து கொடுத்துடலாம், ரெண்டு தடவை ஸ்டாம்ப் செலவு எதுக்கு" என்று புரோக்கர் சொல்ல, கணவர் பெயரில் பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், ஒன்றைப் பதிந்து வாங்கிக்கொண்டார்கள். கூடவே வாசகியின் பெயரில் 20 ரூபாய் முத்திரைத் தாளில் ஒரு கிரய ஒப்பந்தமும் எழுதினார்கள். அது பதியப்படவில்லை. 2017-இல் சீட்டுப் பணம் எடுத்து வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் வாசகியின் பெயரில். பட்டா இன்னும் பெரியவர் பெயரில்.

2022 ஆகஸ்டில் பெரியவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார், இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். ஒரே மகள் 2020-லேயே தவறிவிட்டார். அவருக்கு 20 வயதில் ஒரு மகள், 15 வயதில் ஒரு மகன். இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் கணவரும் மனைவியும் பத்திரம் கேட்கப் போக, மூத்த மகன், "இன்னைக்கு அந்த இடம் என்ன விலை தெரியுமா? இன்னும் 5 லட்சம் கொடுத்தால் கையெழுத்து, இல்லைன்னா கிடையாது. வாரிசுச் சான்று என்கிட்டதான் இருக்கு, நான் ஒருத்தன் போட்டால் போதும்" என்று சொல்லியிருக்கிறார், வாட்ஸப்பிலும் அதையே அனுப்பியிருக்கிறார். பத்திர எழுத்தர் ஒருவரோ, "பவர் பதிஞ்சதுதானே, பெரியவர் இறந்தது ஆபீஸுக்குத் தெரியவா போகுது? உங்க வீட்டுக்காரர் உங்க பேருக்கே கிரயம் எழுதிடட்டும்" என்கிறாராம்.

வாசகியின் கேள்விகள்: அந்தப் பவரை வைத்து இப்போது கிரயம் செய்யலாமா? இன்னும் ஒரு வருடம் போனால் 12 வருடம் ஆகிறதே, இடம் தானாகவே எங்களுடையது ஆகிவிடாதா? பதியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறார்களே, அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகைப்படம், கைரேகை, சார்பதிவாளர் முத்திரை என்று பார்க்கக் கம்பீரமாக இருக்கும் பவர் பத்திரத்தை நீங்கள் லாக்கரில் வைத்திருக்கிறீர்கள், ஒப்பந்தமோ பீரோவில் எங்கேயோ கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் அந்தப் பவர் வெறும் காகிதம். உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்த 20 ரூபாய்த் தாள்தான்.

பவர் ஏன் உதவாது

விலைக்கு வாங்கும் அசையாச் சொத்தின் உரிமை கைமாற ஒரே நேர்வழிதான் இருக்கிறது. 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் நடக்க வேண்டும் என்கிறது. பணம் முழுவதும் கொடுத்தாலும், சாவியைக் கையில் வாங்கினாலும், அங்கேயே வீடு கட்டிப் பால் காய்ச்சினாலும், கிரயப் பத்திரம் பதியாதவரை சட்டத்தின் கண்ணில் மனை பெரியவருடையதுதான். 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் போட்டு உடைத்துச் சொன்னது: பவர், ஒப்பந்தம், உயில் என்று எதை வாங்கிக்கொண்டாலும் அது விற்பனை ஆகாது. அந்தத் தீர்ப்பு வந்து மூன்றரை வருடம் கழித்துத்தான் உங்கள் புரோக்கர் உங்களுக்கு இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

பவர் என்பது என்ன? "எனக்குப் பதிலாக நீ கையெழுத்துப் போடு" என்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் அனுமதி, அவ்வளவுதான். கொடுத்தவர் இறந்துவிட்டால் "எனக்குப் பதிலாக" என்று சொல்ல ஆள் இல்லை, அதனால் அனுமதியும் அன்றோடு முடிந்தது. 2015 மார்ச்சிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை எந்த நாளிலும் உங்கள் கணவர் பவர் ஏஜெண்டாகக் கையெழுத்திட்டு உங்கள் பெயருக்குக் கிரயம் செய்திருக்கலாம், ஒரு காலைப்பொழுது வேலை. நீங்கள் வாங்கியபோது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 6 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 48,000 ரூபாய். அதை மிச்சம் பிடித்ததுதான் இன்று 5 லட்சம் கேட்க வைத்திருக்கிறது. குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இந்த வரியைப் படிக்கும் யாரிடமாவது பவர் மட்டும் இருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கிளம்பிப் போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

"பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவர் சாவோடு முடியாது" என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் சொந்த நலன் இருந்தால் அது முடிவுக்கு வராது. ஆனால் உங்களுக்குப் பவர் கணவர் பெயரில், ஒப்பந்தம் உங்கள் பெயரில், பவரிலோ பணம் வாங்கியதாக ஒரு வரிகூட இல்லை. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்திலிருந்து போன இதே ரக வழக்கொன்றில், பவரையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்துப் படித்தாலும் அந்த விலக்கு கிடைக்காது, உரிமையாளர் இறந்த பிறகு பவரை வைத்து எழுதிய கிரயம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பத்திர எழுத்தர் சொல்வது இதைவிட மோசம். பவர் ஏஜெண்ட் கிரயம் எழுதிக் கொடுக்கப் போனால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்பார்கள். இறந்தவருக்கு உயிர்வாழ் சான்று எங்கிருந்து வரும்? பொய்யாக ஒன்றைத் தயார் செய்தால்தான் உண்டு. பதிவுச் சட்டத்தின் 82-ஆவது பிரிவில் பொய்த் தகவலுக்கு ஏழு வருடம் வரை சிறை இருக்கிறது, அதற்கு மேல் போலி ஆவணக் குற்றமும் சேரும். கையெழுத்துப் போடப் போவது பத்திர எழுத்தர் இல்லை, உங்கள் கணவர். இன்று நீங்கள் ஏமாற்றப்படுகிற கட்சி. அதைச் செய்த மறுநாள் ஏமாற்றிய கட்சி ஆகிவிடுவீர்கள், மூத்த மகன் கேட்கும் தொகையும் 5 லட்சத்தில் நிற்காது.

12 வருடக் கணக்கு

இது நம் ஊரில் எல்லோரும் நம்புகிற ஒன்று. எதிரிடை அனுபவ உரிமை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு 12 வருடக் கணக்கும் உண்டு. ஆனால் வெறுமனே குடியிருந்தால் போதாது. "இது உன்னுடையது இல்லை, என்னுடையது" என்று உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக அனுபவித்திருக்க வேண்டும். நீங்கள் அவர் சம்மதத்தோடு, அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில் உள்ளே போனவர். இந்தப் பொங்கலுக்குப் பிறகுகூட "கிரயம் செய்து கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதாவது உரிமை அவர்களிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே வாயால் இரண்டையும் சொல்ல முடியாது. 2027 மார்ச் வரை பேசாமல் இருந்தால் இடம் உங்களுடையது ஆகாது, கையில் இருக்கிற ஒரே வழியில் ஒரு வருடம்தான் வீணாகும்.

வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. உரிமைக்குச் சாட்சி இல்லை. பட்டாவும் அப்படித்தான், அது வருவாய்த் துறையின் பதிவு, உரிமையைத் தருகிற ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அதை அலட்சியம் செய்ய வேண்டாம். மூத்த மகன் வாரிசுச் சான்றை வைத்துப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றப் பார்க்கலாம். நீங்கள் அனுபவத்தில் இருப்பதையும் ஒப்பந்தம் இருப்பதையும் சொல்லித் தாசில்தாருக்கு ஓர் ஆட்சேபணை மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.

அந்த ஒப்பந்தம்

பவர் பெரியவரோடு போய்விட்டது, ஒப்பந்தம் போகவில்லை. ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குறுதி அவர் இறந்தபின் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் "அப்பா எழுதினது எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

பதியவில்லையே என்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தமும் கட்டாயம் பதியப்பட வேண்டும், அது சரி. பதியாததால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் உண்டு: அவர்கள் உங்களைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு தருகிற பாதுகாப்பை நீங்கள் கேட்க முடியாது, அது பதிந்த ஒப்பந்தத்துக்குத்தான். ஆனால் கிரயம் செய்து கொடுக்க உத்தரவிடுங்கள் என்று நீங்கள் போடும் ஏற்றதை ஆற்றுதல் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், இங்கே கொண்டுவந்த 2012 திருத்தத்துக்குப் பிறகும் அதுதான் நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. உங்கள் பத்திர எழுத்தருக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நகலில் மூன்று வாசகங்கள் எனக்கு நிம்மதி தந்தன. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்." "சொத்தைத் தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்." "தாங்கள் கோரும்போது கிரயம் செய்து கொடுப்பேன்." இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள் என்று கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடு முடிந்து மூன்று வருடத்தில் வழக்குப் போடும் உரிமை போயிருக்கும். கெடு இல்லாததால், அவர்கள் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் மூன்று வருடம். அந்த நாள் வாட்ஸப் செய்தி வந்த நாள். கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

தாளைக் கண்டுபிடித்ததும் லேமினேட் செய்யக் கொடுத்துவிட வேண்டாம். நம் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. பின்பக்கத்தில் முத்திரைத் தாள் விற்றவரின் ரப்பர் ஸ்டாம்ப், வரிசை எண், தேதி, யார் பெயருக்கு வாங்கியது என்ற கையெழுத்தெல்லாம் இருக்கும். தாள் அன்றைக்கு வாங்கியதுதான் என்று நிரூபிக்க அது வேண்டும். அசலை எந்தப் புரோக்கரிடமும் "ஒரு தடவை பார்த்துட்டுத் தரேன்" என்று கேட்டால்கூடக் கொடுக்காதீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான்கு லட்சத்துக்கான காசோலை விவரத்தை 2015 வங்கிக் கணக்கிலிருந்து எழுதிக் கேட்டு வாங்குங்கள். பழைய கணக்கு, கொஞ்சம் அலைய விடுவார்கள்.

யார் யார் கையெழுத்து

மூத்த மகன் ஒருவர் போட்டால் போதாது. வாரிசுச் சான்று யாரிடம் இருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை, அது வாரிசுகளின் பெயர்ப் பட்டியல் மட்டுமே. பெரியவர் சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை, ஆகவே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்குக் கால், இரண்டு மகன்களுக்கும் ஆளுக்குக் கால், இறந்துபோன மகளின் கால் பங்கு அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி. மகள் தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டதால் மருமகனுக்குப் பங்கு கிடையாது. (பெரியவரின் தாயார் 2022-இல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, கணக்கு மாறும். விசாரித்துக்கொள்ளுங்கள்.) மூத்தவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் நீங்கள் 5 லட்சம் கொடுத்து வாங்குவது கால் பங்கு.

சிக்கல் அந்த 15 வயதுப் பையனிடம் இருக்கிறது. தகப்பனார் காப்பாளராகக் கையெழுத்திட்டால் போதும் என்பார்கள். மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், 1956-ஆம் வருடத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. அனுமதி இல்லாமல் வாங்கினால், பையன் மேஜரானபின் மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். "அப்படின்னா அவனுக்குப் பதினெட்டு ஆகட்டும், எல்லாரும் சேர்ந்து போட்டுத் தரோம்" என்று அந்தக் குடும்பத்தில் யாராவது அன்பாகச் சொன்னால் உஷாராக இருங்கள். அவனுக்குப் பதினெட்டு ஆகிறபோது உங்கள் மூன்று வருடமும் முடியும் தறுவாயில் இருக்கும், முடிந்தேகூடப் போயிருக்கலாம்.

சமாதானமா, வழக்கா

சட்டப்படி நீங்கள் ஒரு பைசா கூடுதலாகத் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தொகை கொடுத்து முடிப்பது தப்பில்லை என்றே நினைக்கிறேன். வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும், நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு இருக்கிறது. "பதினோரு வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும், அதற்கு நீதிபதி திருப்தியாகும்படி பதில் சொல்ல வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த இரண்டு லட்சத்துக்கு ஒப்பந்த வாசகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஜெயித்தாலும் தீர்ப்பே பத்திரம் ஆகிவிடாது. வாரிசுகளோ அவர்கள் மறுத்தால் நீதிமன்றமோ எழுதிக் கொடுக்கும் கிரயத்தைப் பதிந்தால்தான் உரிமை உங்களுக்கு வரும்.

பெரியவரின் மனைவி உங்களிடம் நல்லபடியாகப் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவரிடமும் இளைய மகனிடமும் பேசுங்கள், மூத்தவரிடம் கடைசியாக. பேசி ஒத்து வந்தாலும் நான் சொல்வது இதுதான்: வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, மைனருக்காக நீதிமன்ற அனுமதியும் பெற்று, சமாதானத்தை நீதிமன்றத்திலேயே பதிவு செய்யுங்கள். பையனின் பங்கு விஷயத்தில் பின்னால் கேள்வி எழாமல் இருக்க இது பலமான வழி. கூடுதல் தொகை எதுவானாலும் வங்கி வழியாக, ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகப் போகட்டும். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. 2015-இல் நடந்ததை மறுபடி செய்ய வேண்டாம்.

பதிவுச் செலவுக்கும் தயாராக இருங்கள். இப்போது பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும். 2015-இல் கொடுத்த 6 லட்சத்துக்கு என்று நினைக்காதீர்கள், இன்றைய வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும். வீட்டை மறைத்துக் காலி மனை என்று எழுதலாம் என்று ஒரு யோசனை வரும். பின்னால் வித்தியாசத் தொகையும் அபராதமும் கேட்டு நோட்டீஸ் வரும், வங்கிக் கடன் வாங்கப் போனாலும் இடிக்கும். 2015 பவர், ஒப்பந்தம், பணம் கொடுத்த விவரம், வீடு உங்கள் செலவில் கட்டியது எல்லாவற்றையும் பத்திரத்தின் முன்கதையிலேயே எழுதச் சொல்லுங்கள். 1994-லேயே வீட்டுமனையாகப் பதிவான இடம் என்பதால், அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வருகிற பதிவுத் தடை உங்களுக்கு வராது என்று நினைக்கிறேன். ஆனாலும் மூலப்பத்திரத்தின் நகலை எடுத்து அதில் "வீட்டுமனை" என்றே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் வேறு யாருக்காவது விற்றுவிட்டால்?

கடிதத்தின் கடைசி வரியில் இந்தப் பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். நடக்கலாம். ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஒருவர் வாங்கினால், உள்ளே இருப்பவருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டியது அவர் பொறுப்பு. உங்கள் அனுபவமே அவருக்கு அறிவிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று அவர் தப்ப முடியாது, அவரையும் வழக்கில் சேர்க்கலாம். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகாதீர்கள், அவர்கள் ஆட்கள் யாரையும் "கொஞ்ச நாளைக்கு" என்று பின்பக்க அறையில் தங்க விடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை அவர்கள் வெளியேற்ற முடியாது. மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இந்த வாரமே பதிவுத் துறை இணையதளத்தில் 1994 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பெரியவர் இறந்தபின் வாரிசுகள் தங்களுக்குள் செட்டில்மெண்டோ பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதியிருக்கிறார்களா என்று அதில் தெரியும். எழுதியிருந்தால் வழக்கில் யாரைச் சேர்ப்பது, என்ன கேட்பது எல்லாம் மாறும். அந்தச் சான்று, ஒப்பந்த அசல், பவர், இறப்புச் சான்று, வாட்ஸப் செய்தியின் படம் இவற்றோடு உங்கள் ஊரில் சிவில் வழக்கு நடத்துகிற வக்கீல் ஒருவரைப் பாருங்கள். ஐந்து வாரிசுகளுக்கும், மைனருக்கு அவன் தகப்பனார் வழியாக, ஒரே நாளில் நோட்டீஸ் போகட்டும். அதில் "பத்திரச் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறோம்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். வழக்கில் முதலில் பார்ப்பது அதைத்தான்.